நெட் விட்டுவிட்டு வரும் இடங்களில் ஸ்மார்ட் பேண்ட்: சர்வர் ஸ்கிரிப்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படும் அமைப்பு இதுதான். துடிப்பு, காலடி போன்றவற்றை அளக்க, கையில் கட்டும் பட்டையாக ஒரு பேண்ட். அது ப்ளூடூத் லோ எனர்ஜி வழியாகப் போனோடு பேசுகிறது. போனில் இருக்கும் செயலி, கிடைத்த தரவை இணையம் வழியாகச் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வரில் ஒரு ஸ்கிரிப்ட் அதை வாங்கி டேட்டாபேஸில் எழுதுகிறது. இந்தச் சங்கிலியில் ப்ளூடூத்தும் அறும், மொபைல் நெட்டும் அறும். அப்போதும் தரவு தொலையக் கூடாது என்பதற்காகச் சர்வர் பக்கம் என்னென்ன செய்ய வேண்டும் என்பதே கீழே உள்ள பதில்கள். கல்லூரி ப்ராஜெக்ட், நோயாளிகளை வீட்டிலேயே கண்காணிக்கும் திட்டம், சொந்தத் தயாரிப்பு என எதைக் கட்டினாலும் பொருந்தும்.

போனே தரவைச் சேமித்து வைத்துக்கொள்ளுமே, சர்வரில் எதற்குத் தனி ஸ்கிரிப்ட்?

போனை நம்பிக் கடைசி வரை விட முடியாது. போன் தண்ணீரில் விழும், மாற்றப்படும், இடம் போதவில்லை என்று செயலியை அழித்துவிடுவார்கள். பேட்டரியை மிச்சப்படுத்த, பின்னணியில் ஓடும் செயலியை ஆண்ட்ராய்டே நிறுத்தி வைக்கும். பேண்டில் நினைவகம் சிறியது, சில நாளில் நிரம்பிவிடும். இந்த மூன்றில் நிரந்தரமாக இருப்பது சர்வர் ஒன்றுதான்.

பிரதி எடுத்து வைப்பது சர்வரின் வேலையில் பாதிதான். மீதிப் பாதி, ‘இந்த ஆளிடமிருந்து தரவு வரவில்லை’ என்பதைக் கவனிப்பது. தொடர்பு அறுந்த பேண்டால் தான் அறுந்துவிட்டதாக யாரிடமும் சொல்ல முடியாது. மறுமுனையில் இருக்கும் ஸ்கிரிப்ட்தான் அந்த மௌனத்தைக் கண்டுபிடிக்க முடியும்.

அப்படியானால் எல்லாக் கணக்கையும் சர்வரிலேயே வைத்துவிடலாமா?

கூடாது. உடனே நடக்க வேண்டிய எதையும் சர்வரிடம் விடாதீர்கள். கீழே விழுந்ததைக் கண்டறிவது, சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கியதற்கான அலாரம், துடிப்பு எல்லை மீறியதற்கான அதிர்வு ஆகியவை பேண்டிலோ, அது முடியாவிட்டால் போனிலோ நடக்க வேண்டும்.

2019 நவம்பர் கடைசியில், அமெரிக்காவில் நன்றியறிதல் விடுமுறை வார இறுதியில், டெக்ஸ்காம் நிறுவனத்தின் சர்வர்கள் பழுதடைந்தன. அதன் குளுக்கோஸ் சென்சார் அணிந்த பிள்ளைகளின் அளவைத் தொலைவிலிருந்து பெற்றோர் பார்க்கும் ‘ஃபாலோ’ வசதி நின்றுபோனது. ராத்திரி அலாரம் வரும் என்று நம்பித் தூங்கிய பெற்றோருக்கு அது வரவில்லை. பிள்ளையின் பக்கத்தில் இருந்த போனிலும் ரிசீவரிலும் அலாரம் வேலை செய்தது, ஏனென்றால் அதற்குச் சர்வர் தேவைப்படவில்லை. எதை எங்கே வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. சர்வர் வழி எச்சரிக்கை இரண்டாவது கை மட்டுமே. பயனருக்கும் அதை அப்படியே சொல்லிவிட வேண்டும்.

பேண்டில் எவ்வளவு நினைவகம் தேவை?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு பதிவுக்கு 16 பைட் போதும்: வரிசை எண் 4, நேரம் 4, துடிப்பு 1, காலடி 2, பேட்டரி 1, குறிகள் 2, பிழை சரிபார்க்கும் சிஆர்சி 2. நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் ஒரு நாளைக்கு 1,440 பதிவுகள், 23,040 பைட். வெளியே ஒரு 1 எம்பி நார் ஃபிளாஷ் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) சிப் வைத்தால் 45 நாள் தாங்கும்.

நார் ஃபிளாஷை 4 கேபி செக்டராகத்தான் அழிக்க முடியும். ஒரு செக்டரில் 256 பதிவுகள், அதாவது 4 மணி 16 நிமிடம். செக்டர்களை வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தினால் ஒவ்வொன்றும் 45 நாளைக்கு ஒரு முறைதான் அழியும். இந்தச் சிப்புகள் பொதுவாக 1 லட்சம் அழிப்பைத் தாங்கும் என்பதால் தேய்மானம் பற்றிக் கவலையே வேண்டாம். ஆனால் ‘கடைசியாக அனுப்பிய எண்’ என்ற ஒன்றை மட்டும் ஒரே செக்டரில் நிமிடத்துக்கு ஒரு முறை அழித்து அழித்து எழுதினால், 70 நாளில் அந்த லட்சம் தீர்ந்துவிடும். பலர் சறுக்கும் இடம் இது.

நிமிடக் கணக்கை விட்டுவிட்டு அசைவை அளக்கும் முடுக்கமானியின் மூலத் தரவையே சேமிக்க ஆசைப்பட்டால் கதை வேறு. மூன்று அச்சு, அச்சுக்கு 2 பைட், நொடிக்கு 50 முறை என்றால் நொடிக்கு 300 பைட். அதே 1 எம்பி 58 நிமிடத்தில் நிரம்பிவிடும். மூலத் தரவு வேண்டுமென்றால் சம்பவம் நடந்த சில நொடிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தையில் இருப்பவையும் இப்படித்தான் அளந்து வைக்கின்றன. குளுக்கோஸ் அளக்கும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே 2 சென்சார் 8 மணி நேர அளவுகளை வைத்திருக்கும். ஃபிட்பிட் பட்டைகள் பெரும்பாலும் நிமிட விவரத்தை 7 நாளும், நாள் மொத்தத்தை 30 நாளும் வைத்திருக்கும்.

சேர்ந்துபோன தரவு போனுக்கு வரவே ரொம்ப நேரம் ஆகிறதே?

ப்ளூடூத் பாக்கெட் அளவைப் பாருங்கள். எதுவும் மாற்றாவிட்டால் ஒரு பாக்கெட்டில் 20 பைட்தான் போகும், அதாவது ஒரு பதிவு. இணைப்பு இடைவெளி 30 மில்லிநொடி, இடைவெளிக்கு ஒரு பாக்கெட் என்றால் ஒரு வாரத் தரவு, அதாவது 10,080 பதிவு வந்து சேர 5 நிமிடம் ஆகும். எம்டியு எனப்படும் பாக்கெட்டின் உச்ச அளவை 247க்கு உயர்த்தினால் 244 பைட் போகும், ஒரு பாக்கெட்டில் 15 பதிவு. அதே ஒரு வாரம் 20 நொடியில் முடிந்துவிடும். சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு நடக்கும் ஆளிடம் அறாத 5 நிமிடம் கிடைப்பது கஷ்டம். 20 நொடி கிடைத்துவிடும்.

ஒரே தரவு இரண்டு மூன்று முறை வந்து சேர்கிறது. எப்படித் தடுப்பது?

வருவதைத் தடுக்க முயல வேண்டாம். எத்தனை முறை வந்தாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும்படி எழுதுங்கள். போன் அனுப்பியது சர்வருக்கு வந்துவிட்டது, பதில் திரும்பும் வழியில் நெட் போய்விட்டது என்றால், போன் மறுபடி அனுப்பத்தான் வேண்டும். அனுப்பியது சேர்ந்ததா சேரவில்லையா என்று அதற்குத் தெரிய வழியில்லை.

டேட்டாபேஸ் டேபிளின் முதன்மைச் சாவி மூன்று பகுதிகளாக இருக்கட்டும்: பேண்டின் அடையாளம், பூட் எண், வரிசை எண். பூட் எண் என்பது பேண்ட் ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும் ஒன்று கூடும் எண். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் 9.5 பதிப்பிலிருந்து, ‘அதே சாவி ஏற்கெனவே இருந்தால் ஒன்றும் செய்யாதே’ என்ற விதியோடு எழுத முடிகிறது. அந்த ஒரு வரி போதும். ‘முதலில் இருக்கிறதா என்று தேடு, இல்லையென்றால் எழுது’ என்று இரண்டு படியாக ஸ்கிரிப்டில் எழுதினால், ஒரே கட்டு (சேர்த்து அனுப்பிய பதிவுகள்) ஒரே நேரத்தில் இரண்டு இணைப்பில் வரும்போது இரண்டுமே ‘இல்லை’ என்று பார்த்து இரண்டுமே எழுதப் பார்க்கும்; சாவி இல்லாவிட்டால் பதிவு இரட்டிக்கும், இருந்தால் ஒன்று பிழையில் முடியும்.

நேரத்தைச் சாவியாக வைக்காதீர்கள். பேண்டின் கடிகாரம் திருத்தப்படும்போது ஒரே பதிவுக்கு இரண்டு நேரம் வந்துவிடும்.

சர்வர் எப்போது ‘கிடைத்தது’ என்று சொல்ல வேண்டும்?

இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். தரவு தொலைந்த பெரும்பாலான அமைப்புகளில் பிழை இருக்கும் இடம் இந்த ஒப்புதல்தான்.

முதல் விதி, டேட்டாபேஸ் காமிட் (எழுதியதை நிரந்தரமாக்கும் படி) முடிந்த பிறகுதான் பதில் போக வேண்டும். வேகமாகப் பதில் சொல்லலாம் என்று வந்ததை மெமரியில் ஒரு வரிசையில் போட்டுவிட்டு, ‘வெற்றி’ எனப் பொருள்படும் 200 குறியீட்டை அனுப்பினால், அடுத்த நொடி ஸ்கிரிப்ட் ரீஸ்டார்ட் ஆகும்போது அந்த வரிசை காணாமல் போகும். பேண்டும் போனும் ‘போய்ச் சேர்ந்தது’ என்று நம்பித் தம் பிரதியை அழித்திருக்கும்.

அடுத்தது, செயலி 200 என்ற குறியீட்டை மட்டும் நம்பக் கூடாது. ரயில் நிலையம், ஓட்டல், விமான நிலைய வைஃபைகளில் முதலில் லாகின் பக்கம் ஒன்று வரும். மறையாக்கம் இல்லாத இணைப்பில் நீங்கள் எந்த முகவரிக்கு அனுப்பினாலும் அந்த வைஃபையே 200 என்று பதில் சொல்லி லாகின் பக்கத்தைத் தந்துவிடும். அதை வெற்றி என்று எண்ணிச் செயலி தரவை அழித்துவிடும். எப்போதும் மறையாக்கம் உள்ள எச்டிடிபிஎஸ் இணைப்பைப் பயன்படுத்துங்கள். அதோடு, பதிலின் உள்ளே சர்வர் எழுதிய ஒப்புதல் எண் இருந்தால்தான் செயலி அதை வெற்றியாகக் கொள்ள வேண்டும்.

கடைசியாக, எந்த எண்ணை ஒப்புவது? வந்தவற்றில் பெரிய எண்ணை அல்ல, இடைவெளி இல்லாமல் வந்தவற்றில் கடைசி எண்ணை. 1 முதல் 500 வரை வந்திருக்கிறது, பிறகு 521 முதல் 600 வரை வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதில் ‘500 வரை சரி, 501 முதல் 520 வரை வேண்டும்’ என்று இருக்க வேண்டும். ‘600 வரை சரி’ என்று சொன்னால் நடுவில் உள்ள 20 பதிவை யாரும் இனிக் கேட்கப் போவதில்லை.

இதில் ஒரு பொறி உண்டு. அந்த 20 பதிவும் பேண்டிலேயே கெட்டுப்போயிருந்தால் சர்வர் காலம் முழுக்க அவற்றையே கேட்டுக்கொண்டிருக்கும், ஒப்புதல் எண் 500இல் சிக்கி நிற்கும். எனவே ‘501 முதல் 520 வரை என்னிடம் இல்லை’ என்று பேண்ட் சொல்வதற்கு ஒரு தனிச் செய்தி இருக்க வேண்டும். ஸ்கிரிப்ட் அதை இழப்பு என்று குறித்துக்கொண்டு முன்னே நகரட்டும். அந்தக் குறிப்பை அழிக்காதீர்கள். பின்னால் வரைபடத்தில் அந்த இடம் பூஜ்யமாக அல்ல, வெற்றிடமாகத் தெரிய வேண்டும்.

ஒப்புதல் வந்ததும் பேண்டில் அழித்துவிடலாம்தானே?

உடனே அழிக்க வேண்டாம். புதிய தரவுக்கு இடம் தேவைப்படும்போது பழையதன் மேல் எழுதினால் போதும். காரணம் இருக்கிறது. சர்வரின் டிஸ்க் போய்விட்டது, நேற்று இரவு எடுத்த பிரதியிலிருந்து மீட்கிறீர்கள். சர்வரின் ஒப்புதல் எண் பின்னோக்கி, நேற்றைய எண்ணுக்கே போய்விடும். பேண்டோ போனோ இன்றைய தரவை இன்னும் வைத்திருந்தால், ‘4,100இலிருந்து மறுபடி அனுப்பு’ என்று சர்வர் கேட்டு வாங்கிக்கொள்ளும். சர்வர் பேண்டுக்குப் பிரதி என்பதுபோல, கடைசிச் சில நாளுக்குப் பேண்ட் சர்வருக்குப் பிரதி. இதற்காகவே, ஒப்புதல் எண் பின்னோக்கிப் போவதைச் செயலி பிழையாகக் கருதக் கூடாது.

பேண்டின் கடிகாரம் தவறாகக் காட்டுகிறது. 1970 என்றெல்லாம் தேதி வருகிறது. என்ன செய்வது?

பேட்டரி முழுதும் இறங்கி மறுபடி எழுந்த பேண்டுக்கு நேரம் தெரியாது. அது பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும், யூனிக்ஸ் கணக்கில் அதுதான் 1970 ஜனவரி 1. அந்த நேரத்தைத் திருத்தி எழுதப் பேண்டை விடாமல், எழுந்ததிலிருந்து எத்தனை நொடி ஆனது என்பதை மட்டும் பதியச் சொல்லுங்கள். நாள், மணி கண்டுபிடிப்பது சர்வரின் வேலை.

செய்முறை இப்படி. ஒவ்வொரு முறை இணையும்போதும் செயலி ஒரு ஜோடியைக் குறித்து அனுப்பட்டும்: பேண்டின் நொடி எண் இப்போது இவ்வளவு, போனின் யுடிசி (உலகப் பொது) நேரம் இப்போது இவ்வளவு. ஒரு பதிவின் உண்மை நேரம் வேண்டுமென்றால், ஜோடியின் நொடி எண்ணிலிருந்து பதிவின் நொடி எண்ணைக் கழித்து, அதைப் போன் நேரத்திலிருந்து கழித்துவிடலாம். கடிகாரப் படிகத்தில் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழை இருந்தால் ஒரு நாளைக்கு 1.7 நொடி விலகும், ஒரு வாரத்துக்கு 12 நொடி. துடிப்புக்கும் காலடிக்கும் இது பொருட்டே இல்லை. இரண்டு கருவிகளின் தரவை நொடிக்கு நொடி ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் மட்டும், இரண்டு இணைப்புகளின் ஜோடிகளை வைத்து விலகலையும் பங்கிட்டுத் திருத்துங்கள்.

இணைவதற்கு முன்பே பேண்ட் அணைந்து எழுந்துவிட்டால், முந்தைய பூட்டின் பதிவுகளுக்கு ஜோடியே இருக்காது. முந்தைய இணைப்புக்குப் பிறகு, அடுத்த பூட்டுக்கு முன்பு என்று எல்லை மட்டும் தெரியும். அவற்றைத் ‘தோராயம்’ என்று குறித்து வையுங்கள். ஊகித்த நேரத்தை உறுதியான நேரம்போல் காட்டுவது, மருத்துவர் பார்க்கும் வரைபடத்தில் ஆபத்து.

டேபிளில் மூன்று நேரமும் தனித்தனியே இருக்கட்டும்: பேண்ட் சொன்னது, கணக்கிட்டது, சர்வருக்கு வந்தது. கணக்கில் பிழை இருந்தால் மூலத்திலிருந்து மறுபடி போடலாம். எல்லாம் யுடிசியில். பயனரின் நேர மண்டலத்தை டேபிளில் வேறு நெடுவரிசையில் வையுங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகிறவருக்கு அந்த நாள் இருபத்தொன்றரை மணி நேரம்தான். ‘இன்றைய காலடி’ கணக்கு அதற்கேற்ப வர வேண்டும்.

மூன்று நாள் கழித்து வந்த தரவு நாள் மொத்தத்தைக் குழப்பிவிடுகிறது.

மொத்தத்தோடு கூட்டிக்கொண்டே போகும் முறையை விட்டுவிடுங்கள். தரவு வந்ததும் அந்தப் பேண்டின் அந்த நாளுக்கு ‘மறுகணக்கு தேவை’ என்று ஒரு குறி போடுங்கள். 5 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் இன்னொரு ஸ்கிரிப்ட், குறி போட்ட நாட்களை மட்டும் எடுத்து மூலப் பதிவிலிருந்து முழுதாகக் கணக்கிட்டு எழுதட்டும். ஒரு நாளுக்கு 1,440 பதிவுதான்; மறுபடி கூட்டுவதற்குச் செலவே இல்லை.

பயனருக்குக் காட்டும்போது, எந்த நேரம் வரையிலான தரவு என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள். பகல் 2:10 வரைதான் தரவு வந்திருக்கிறது என்றால், ராத்திரி 9 மணிக்கு ‘இன்று நீங்கள் குறைவாக நடந்தீர்கள்’ என்று அறிவிப்பு அனுப்புவது பொய் சொல்வதாகும்.

மௌனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? எத்தனை நிமிடத்தில் எச்சரிக்கலாம்?

முதலில், எந்த மௌனம் என்று பிரிக்க வேண்டும். போனிடமிருந்தே ஒன்றும் வரவில்லை என்றால் நெட்டோ போனோ செயலியோ பிரச்சினை. போன் பேசுகிறது, பேண்டைக் காணோம் என்கிறது என்றால் ப்ளூடூத் அல்லது பேண்ட் பேட்டரி. பேண்டும் பேசுகிறது, தோலைத் தொடும் குறி மட்டும் இல்லை என்றால் கழற்றி வைத்திருக்கிறார். மூன்றுக்கும் வேறு வேறு ஆளுக்கு, வேறு வேறு சொற்களில் செய்தி போக வேண்டும். இதற்காகவே, தரவு இல்லாவிட்டாலும் ‘நான் இருக்கிறேன், பேண்ட் தெரியவில்லை’ என்று செயலி ஒரு சிறு செய்தி அனுப்பட்டும்.

நேர வரம்பு பயன்பாட்டைப் பொறுத்தது. நீரிழிவுப் பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து 2013 வாக்கில் தொடங்கி வளர்த்த நைட்ஸ்கவுட் என்ற திறமூலத் திட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. குளுக்கோஸ் அளவு 5 நிமிடத்துக்கு ஒன்று, நாளைக்கு 288 வரும். கடைசி அளவு வந்து எத்தனை நிமிடம் ஆனது என்பதை அது திரையிலேயே எப்போதும் காட்டும். இயல்பு அமைப்பில் 15 நிமிடத்தில் எச்சரிக்கை, 30 நிமிடத்தில் அவசர எச்சரிக்கை. அதாவது ஒரு அளவு தவறினால் பொறுக்கும், மூன்று தவறினால் சொல்லும். வெறும் காலடி எண்ணும் பேண்டுக்கு ஒரு நாள் மௌனம்கூடப் பரவாயில்லை. கடும் வரம்பு வைத்து, நெட் போகும்போதெல்லாம் எச்சரித்தால் ஒரு வாரத்தில் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள்.

ஒரே நேரத்தில் நிறைய பேண்டுகள் மௌனமானால் குறை உங்கள் சர்வரிலோ ஒரு நெட்வொர்க்கிலோ இருக்கிறது. 5 நிமிடத்துக்குள் பத்தில் ஒரு பங்கு போய்விட்டால் தனித்தனி எச்சரிக்கைகளை நிறுத்திவிட்டு நிர்வாகிக்கு ஒரே செய்தி அனுப்பும்படி எழுதுங்கள். கண்காணிக்கும் ஸ்கிரிப்டே செத்துப்போனால் யார் சொல்வது? வேறொரு இடத்தில் ஓடும் சிறு சேவை ஒன்று, அந்த ஸ்கிரிப்டிடமிருந்து நிமிடத்துக்கு ஒரு முறை சத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எச்சரிக்கையை எஸ்எம்எஸ்ஸாக அனுப்ப நினைத்தால், இந்தியாவில் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி பதிவுத் தளத்தில் அனுப்புநர் பெயரையும் செய்தி வார்ப்புருவையும் முன்கூட்டியே பதிவுசெய்திருக்க வேண்டும். அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

சர்வர் கொஞ்ச நேரம் நின்று எழுந்ததும் மறுபடி விழுந்துவிடுகிறது. ஏன்?

காத்திருந்த எல்லாப் போன்களும் ஒரே நொடியில் வந்து மோதுவதால். மறுமுயற்சி இடைவெளி 30 நொடி, 1 நிமிடம், 2, 4 என்று இரட்டித்து, 1 மணி நேரத்தோடு நிற்கட்டும். ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்கும் அந்த இடைவெளிக்கும் நடுவில் ஏதோ ஒரு நேரத்தைச் சீட்டுப் போட்டு எடுக்கட்டும். இந்தச் சீட்டுதான் முக்கியம். அது இல்லாவிட்டால் எல்லாப் போன்களும் ஒன்றாக இரட்டித்து ஒன்றாகவே திரும்பி வரும். சர்வர் திணறும்போது, ‘இப்போது முடியாது’ எனப் பொருள்படும் 503 குறியீட்டோடு, எத்தனை நொடி கழித்து வரலாம் என்ற தலைப்பு வரியையும் அனுப்ப வேண்டும். செயலி அதை மதிக்க வேண்டும். புதிய தரவை முதலில் அனுப்பச் சொல்லிவிட்டு, பழைய மூட்டைகளைப் பிறகு வாங்கிக்கொள்வதும் நல்லது.

ஒரு கட்டு மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது.

அந்தக் கட்டில் ஸ்கிரிப்டுக்குப் புரியாத ஏதோ இருக்கிறது. சர்வர் 400 (தவறான கோரிக்கை) என்று மறுக்கிறது, செயலி மறுபடி அனுப்புகிறது, பின்னால் நிற்கும் நல்ல தரவெல்லாம் அதன் முதுகில் மாட்டிக்கொள்கிறது. புரியாத கட்டை அப்படியே பைட் பைட்டாக ஒரு தனி டேபிளில் போட்டுவிட்டு ‘ஒதுக்கி வைத்தேன், அடுத்ததை அனுப்பு’ என்று பதில் சொல்லுங்கள். பிறகு பிழையைத் திருத்தி அந்த டேபிளை மறுபடி ஓட்டலாம். 413 (கட்டு மிகப் பெரியது) வந்தால் செயலி கட்டைப் பாதியாக உடைத்து அனுப்பட்டும். 401 (அனுமதி இல்லை) வந்தால், தான் யார் என்று காட்டும் டோக்கனைப் புதுப்பிக்கட்டும். ஒரு மாதம் மேஜை டிராயரில் கிடந்த போனுக்கு டோக்கன் காலாவதியாகியிருப்பது இயல்பு. அதற்காகத் தரவைத் தூக்கி எறியக் கூடாது.

செயலி பின்னணியில் நின்றுபோகிறது. சர்வர் பக்கம் ஏதாவது செய்ய முடியுமா?

ஓரளவுதான். ஆண்ட்ராய்டு 6 முதல் உள்ள டோஸ் முறை, அசையாமல் கிடக்கும் போனில் நெட் வேலைகளை ஒத்திப்போடும். ஆண்ட்ராய்டில் பின்னணி வேலைகளை ஓட்டும் வொர்க்மேனேஜரில் தொடர் வேலையின் மிகக் குறைந்த இடைவெளி 15 நிமிடம். ஐபோனில் பயனரே செயலியை மேலே தள்ளி மூடிவிட்டால், அவர் திறக்கும் வரை அது எழாது. சர்வரிலிருந்து புஷ் செய்தி அனுப்பிச் செயலியை எழுப்பப் பார்க்கலாம், பலிக்கும் என்று உறுதியில்லை. ‘செயலியைத் திறங்கள், 6 மணி நேரமாகத் தரவு வரவில்லை’ என்று பயனர் கண்ணில் படும் செய்தியே நம்பகமானது.

எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் நெறிமுறையைப் பயன்படுத்தினால் இதெல்லாம் தானாகவே சரியாகிவிடாதா?

அதில் சேர்ப்பு உறுதியின் நிலையான க்யூஓஎஸ்ஸை 1 என வைத்தால், செய்தி புரோக்கருக்கு (நடுவில் நின்று செய்தியை வாங்கித் தரும் சர்வருக்கு) ஒரு முறையாவது போய்ச் சேரும் என்பதுதான் உறுதி. புரோக்கரின் ஒப்புதல், உங்கள் ஸ்கிரிப்ட் டேட்டாபேஸில் எழுதிவிட்டது என்பதற்கான சான்று அல்ல. மொஸ்கிட்டோ என்ற புரோக்கரில், டிஸ்கில் சேமிக்கும் அமைப்பு இயல்பாக அணைந்தே இருக்கும், நீங்கள்தான் போட வேண்டும். வரிசையில் நிற்கும் செய்திகளுக்கும் ஒரு எல்லை உண்டு, அதைத் தாண்டினால் தள்ளிவிடும். எம்க்யூடிடி நல்ல குழாய்தான், ஆனாலும் மேலே சொன்ன வரிசை எண்ணும் ஒப்புதல் எண்ணும் அதற்கு மேலும் வேண்டும். போன் வழியாகக் கட்டுக் கட்டாக அனுப்பும் அமைப்புக்குச் சாதாரண எச்டிடிபிஎஸ்ஸே போதும் என்பது எங்கள் கருத்து.

சர்வரிலிருந்து பேண்டுக்குக் கட்டளை அனுப்ப வேண்டும். பேண்ட் இணைப்பில் இல்லாவிட்டால்?

கட்டளைகளை அடுக்கி வைக்காமல், விரும்பும் நிலையை எழுதி வையுங்கள். அலாரம் 6 மணி, பிறகு 7, பிறகு 6:30 என்று மாற்றியிருந்தால் பேண்டுக்கு மூன்றும் வேண்டாம். ‘பதிப்பு 14, அலாரம் 6:30’ என்பது ஒன்றே போதும். பேண்ட் தன் பதிப்பு 11 என்று சொன்னால் ஸ்கிரிப்ட் 14ஐக் கொடுக்கும். ‘இப்போது அதிர்’ போன்ற உடனடிக் கட்டளைக்குக் காலாவதி நேரம் கட்டாயம். மூன்று நாள் கழித்து நடுராத்திரியில் அது அதிரக் கூடாது.

எந்த மொழி, எவ்வளவு பெரிய சர்வர்?

உங்களுக்குக் கை வந்த மொழி. பைத்தான், பிஎச்பி, நோட் எதுவானாலும் சரி. 1,000 பேண்டுகள் நாளைக்கு 14.4 லட்சம் வரிகள் அனுப்பும். வரிக்கு 100 பைட் என வைத்தால் 144 எம்பி. சிறிய வாடகை சர்வரும் போஸ்ட்கிரஸும் தாங்கும். டேபிளை மாத வாரியாகப் பிரித்துவிடுங்கள். சில பத்துப் பேண்டுகள் மட்டும் என்றால் ஒரே கோப்பில் இயங்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் போதும், அதில் WAL முறையை (மாற்றங்களை முதலில் தனிக் குறிப்பேட்டில் பதியும் முறை) இயக்கி வையுங்கள். தினசரிப் பிரதியை வேறொரு இடத்தில் வைத்து, அதிலிருந்து உண்மையிலேயே மீட்க முடிகிறதா என்று மாதம் ஒரு முறை மீட்டுப் பாருங்கள்.

பழைய கருவிகள் மட்டும் திடீரென்று சர்வரோடு பேச மறுக்கின்றன.

சர்வரின் எச்டிடிபிஎஸ் சான்றிதழைப் பாருங்கள். 2021 செப்டம்பர் 30 அன்று, லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழ்கள் நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. புதுப்பிக்கப்படாத பல கருவிகள் அன்றோடு இணைய முடியாமல் போயின. போன் இல்லாமல் நேராக இணையத்துக்குப் போகும் பேண்டாக இருந்தால் மூலச் சான்றிதழ்களை மாற்ற வழி வைத்தே தயாரிக்க வேண்டும். கடிகாரம் 1970இல் நிற்கும் கருவிக்கு எல்லாச் சான்றிதழும் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்றுதான் தெரியும். முதலில் நேரத்தை வாங்கிவிட்டுப் பிறகு இணையுங்கள்.

உடல்நலத் தரவைச் சர்வரில் வைப்பதில் சட்டச் சிக்கல் உண்டா?

இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள்; அது கட்டம் கட்டமாக அமலுக்கு வருகிறது. அதன்படி பயனரின் சம்மதம் வேண்டும், 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். பெயர், போன் எண் இருக்கும் டேபிளையும் அளவுகள் இருக்கும் டேபிளையும் பிரித்து வையுங்கள். பயனர் அழிக்கச் சொன்னால், ஒதுக்கி வைத்த கட்டுகளிலிருந்தும் அழிய வேண்டும். பலர் அந்த டேபிளை மறந்துவிடுகிறார்கள்.

தயாரித்த நிறுவனமே சர்வரை மூடிவிட்டால்?

பெப்பிள் கடிகாரங்களுக்கு அது நடந்தது. 2016 டிசம்பரில் ஃபிட்பிட் அதன் சொத்துகளை வாங்கியது, 2018 ஜூன் 30 அன்று சர்வர் சேவை நின்றது. ஆனால் போன் செயலி, எந்தச் சர்வரோடு பேச வேண்டும் என்பதை ஓர் அமைப்புக் கோப்பிலிருந்துதான் படித்தது. அந்தக் கோப்பின் முகவரியை மாற்றவும் முடிந்தது. அதனால் ரீபிள் என்ற பயனர் குழு தன் சர்வர்களை அங்கே பொருத்திக் கடிகாரங்களை ஓட வைத்தது. 2020 ஜூலை 23 அன்று கார்மின் நிறுவனம் சைபர் தாக்குதலில் சிக்கி நாள்கணக்கில் முடங்கியபோதும், கடிகாரங்கள் தாமாகப் பதிந்துகொண்டிருந்தன; யுஎஸ்பி வழியாகக் கோப்பை எடுக்க முடிந்தது. சர்வர் முகவரியை மாற்றும் வசதி, தரவை நேராக எடுக்கும் வசதி இரண்டையும் உங்கள் தயாரிப்பில் முதல் நாளே வைத்துவிடுங்கள்.

இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது?

மேஜையில் நல்ல வைஃபையில் சோதித்தால் எதுவும் தெரியாது. லினக்ஸில் டிசி கருவியின் நெட்எம் வசதியால் பாக்கெட் இழப்பை 20 சதவீதமாகவும் தாமதத்தை 2 நொடியாகவும் வைத்து ஓட்டுங்கள். பிறகு ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி, 10,080 பதிவு உள்ள ஒரு வாரத் தரவை நான்கு விதமாக அனுப்புங்கள்: ஒழுங்காக ஒரு முறை, ஒவ்வொரு கட்டையும் இரண்டு முறை, கடைசியிலிருந்து முதலுக்கு, ஒவ்வொரு ஐந்தாவது கட்டையும் பாதியில் வெட்டிவிட்டுப் பிறகு முழுதாக. நான்கின் முடிவிலும் அளவுகளும் நாள் மொத்தங்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். சர்வருக்கு வந்த நேரம் மட்டும் வேறுபடலாம். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஸ்கிரிப்டைக் கொன்று மறுபடி எழுப்புங்கள், டேட்டாபேஸையும் அப்படியே. எழுந்த பின் 10,080க்கு ஒன்று குறைந்தாலும், காமிட்டுக்கு முன்பே ஒப்புதல் போகும் இடம் எங்கோ ஒளிந்திருக்கிறது. முதலில் அதைத் தேடுங்கள்.